டொரத்தி சொல்லிக் கொடுத்த ஒரு சொல்

டொரத்தியைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "என்னைப் பத்தி என்ன இருக்குலா எழுதறதுக்கு? விசாலத்துக்கிட்டக் கேளு. அது அவளோட துக்கம்," என்றாள். அவள் எதிர்வீட்டு விசாலத்திடம் போய்க் கேட்டேன்.  "ஆஸ்பத்திரி பேரு, நர்ஸ் பேரு வேண்டாம். மத்தபடி நடந்ததை நடந்தமாதிரி எழுதுங்க," என்றாள். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

டொரத்தி பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததும் தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வயதில் டொமினிக்கைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாள். டொமினிக் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டினவர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் ஐவன் சிங்கப்பூரில் இருக்கிறான். மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் நின்றே வேலை செய்ததில் டொரத்திக்கு முட்டி போய்விட்டது. இப்போது எங்கள் பிளாட்டில் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். வலிக்கிற காலோடு மாதா கோவில் காலைப் பூசைக்குத் தவறாமல் வருவாள். புதன்கிழமை ஜெபமாலைக்கு முன்னால் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போடுவதும் அவள்தான்.

அவள் எதிர்வீட்டில் சேவுகன் என்று ஒரு தம்பி. செட்டியார் வீட்டுப் பிள்ளை, போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்புகிற ஆபீசில் வேலை. 2019 கடைசியில் தேவகோட்டையிலிருந்து விசாலத்தைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தான். பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. வந்து மூன்று மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. எம்.சி.ஓ. என்று அதற்கு இங்கே பேர், ஒன்று மாற்றி ஒன்று வந்தது. கடை பாசார் தெரியாது, பஸ் தெரியாது. ஒரு வார்த்தை மலாய் தெரியாது. இரண்டு கிரில் கதவுக்கு இடையில் நின்றுகொண்டு டொரத்தியோடு பேசுவதுதான் அவளுக்கு வெளியுலகம்.

"அக்கா, இந்த ஊர்ல வெயில் ஏன் இப்படி ஒட்டுது?"

"ஒட்டும்மா, ஒட்டும். ரெண்டு தரம் குளி. போன மாசம் மழை ஒட்டுதுன்னே. உனக்கு எதுதான்லா ஒட்டாது?"

இப்படியே சிரித்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு விசாலம் உண்டானாள்.

ஏழாம் மாதம் ஆனபோது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அது கோவிட் உச்சத்தில் இருந்த நேரம். பிரசவ அறைக்குள் புருஷன்கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "உள்ள நான் மட்டும்தானாம் அக்கா. அவங்க என்ன பேசுவாங்க? எனக்கு ஒண்ணும் விளங்காதே," என்றாள்.

டொரத்தி சொன்னாள்: "அடப் போம்மா. அங்க என்ன பெரிய பேச்சு? ஐவனைப் பெத்தப்ப என் காதுல ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்துச்சு. தெரான், தெரான், தெரான். தெரான்னா முக்கு. அது கேட்டா முக்கு. அவ்வளவுதான். இது போதும்லா."

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தமிழில் 'தெரான் - முக்கு' என்று பெரிசாக எழுதிக் கொடுத்தாள். விசாலம் அதைக் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். சேவுகன் ஆபீசிலிருந்து வந்ததும் வாசலில் நின்று, "தெரான்!" என்று அவள் அதட்ட, அவன், "செருப்பையாவது கழட்டிக்கிறேன்," என்று சொல்ல, அந்தச் சிரிப்பு எங்கள் மாடிவரை கேட்டது.

2021 ஜூன் மாதம் ஒரு காலையில் வலி கண்டது. சேவுகன் கொண்டுபோய் விட்டான். மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை.

மறுநாள் சேவுகன் மட்டும் துணி எடுக்க வீட்டுக்கு வந்தான். டொரத்தி கதவைத் திறந்து நின்றாள்.  அவனாகவே சொன்னான்.

"தொப்புள்கொடி இறுகிடுச்சாம் அக்கா. நர்ஸ் என்கிட்ட சொன்னாங்க. முக்காதே முக்காதேன்னு அத்தனை தரம் சொன்னாங்களாம். இவ கேக்காம முக்கினாளாம். உங்க மனைவி ரொம்ப டெகில், அப்படின்னு சொன்னாங்க."

டெகில் என்றால் பிடிவாதக்காரி.

சேவுகன் படியிறங்கிப் போய்விட்டான். டொரத்தி கிரில் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அந்த நிமிஷமே அவளுக்கு விளங்கிவிட்டது. நர்ஸ் சொன்னது 'ஜாங்கான் தெரான்'. முக்காதே. ஜாங்கான் என்றால் வேண்டாம், கூடாது. இந்த ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் நடக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே கேட்டுப் பழகுகிற வார்த்தை. அதனாலேயே அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. டொரத்திக்கும் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. வலியில், முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த சத்தத்தில், விசாலத்துக்குத் தெரிந்த அந்த ஒரே வார்த்தைதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. விழ விழ அவள் முக்கியிருக்கிறாள்.

டொரத்தி அதை யாரிடமும் சொல்லவில்லை.

விசாலம் வீட்டுக்கு வந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் கிடந்தாள். டொரத்தி தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள். முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து மார்பில் வைத்துக் கட்டினாள். ஊரிலிருந்து மாமியார் போனில் பேசுகிறபோது, ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் டொரத்திக்கும் கேட்கும். "சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு?"

விசாலம் மாமியாருக்குப் பதில் சொல்லமாட்டாள். போன் வைத்த பிறகு டொரத்தியிடம், "முக்குன்னுதான் அக்கா சொன்னாங்க. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. வலியில என் புத்தி பிசகிப்போச்சோ என்னவோ," என்பாள்.

அப்போதெல்லாம் டொரத்தி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

எங்கள் லிஃப்டில் எச்சில் துப்பாதே என்று மலாயில் ஒரு பலகை இருக்கிறது. 'ஜாங்கான்' என்றுதான் தொடங்கும். ஊரடங்கு தளர்ந்து விசாலம் கீழே இறங்க ஆரம்பித்தபோது, டொரத்தி லிஃப்டில் அந்தப் பலகைக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நிற்பாளாம். கோவிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் மூன்று தடவை நின்று மூன்று தடவையும் திரும்பி வந்திருக்கிறாள். "எந்தப் பாவத்துல சேர்த்துச் சொல்றது? பொய் சொல்லல. களவெடுக்கல. ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன், இன்னொண்ணு சொல்லிக் கொடுக்கல. இதுக்கு என்ன பேரு?" என்று பின்னால் என்னிடம் கேட்டாள். 

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று.

2022 ஆகஸ்டில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷாமினி என்று ஒரு பெண் கோவில் மண்டபத்துக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பிரசவ நேரத்தில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். எத்தனை பேரைத் திட்டினார்கள், எத்தனை பேரை அடித்தார்கள், எத்தனை பேருக்கு விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். தமிழ்ப் பெண்கள் வீட்டுக்குப் போய்க் கேட்க, தமிழ் பேசுகிற, வயதான, பொறுமையான பெண்கள் வேண்டும் என்றாள். படிப்பு முக்கியமில்லை. கேள்விகள் டேப்லட்டிலேயே வரும், வாசித்துக் கேட்டு ஆம், இல்லை என்று தட்டினால் போதும்.

டொரத்தி கை தூக்கினாள். நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஜெபமாலையில் சத்தமாகச் சொல்லக்கூடக் கூச்சப்படுகிறவள் அவள்.

இரண்டு நாள் பயிற்சி. பிறகு ஜெஞ்சாரோம், மேரு, போர்ட் கிள்ளான் என்று ஷாமினியின் காரில் சுற்றினாள். முதல் வாரம் கொண்டுவந்த பதினோரு ஃபாரத்திலும் 'அடித்தார்களா' என்ற கேள்விக்கு 'இல்லை'தான்.

ஷாமினி ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள். "ஆன்டி, இதுல அந்த அக்கா பேசறதைவிட உங்க 'ஐயோ சாமி'தான் அதிகமா இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது. பாவம்னு சொன்னா அவங்க இன்னும் கூட்டிச் சொல்வாங்க, இல்லாட்டி வாயை மூடிக்குவாங்க. கேளுங்க, வெயிட் பண்ணுங்க, டிக் பண்ணுங்க. அவ்வளவுதான்."

"சும்மா மரம் மாதிரி உட்காரச் சொல்றியா?"

"ஆமா ஆன்டி. நல்ல மரமா உட்காருங்க."

"அதெல்லாம் சரிமா. ஆனா இந்தக் கேள்வி சரியில்ல. அடிச்சாங்களான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்லமாட்டாங்க. மேருல ஒரு பிள்ளை என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அடிக்கல ஆன்டி, தொடையில தட்டுவாங்கல்ல, அதுதான்'னு சொல்லுச்சு. அந்தத் தட்டுல மூணு நாள் விரல் தடம் இருந்துச்சாம். நம்ம ஆளுங்களுக்கு அடின்னா அது வேற. பிரசவத்துல வாங்கினா அது தட்டு."

 ஷாமினி பல்கலைக்கழகத்துப் பெரியவர்களிடம் பேசி, அந்தக் கேள்விக்குக் கீழே 'தொடையில் தட்டியது உட்பட' என்று ஒரு வரி சேர்க்கச் செய்தாள். அந்த மாதத்திலிருந்து 'ஆம்' வரத் தொடங்கியது.

நிறைய வந்தது. வீட்டுக்கு வந்தும் டொரத்திக்குச் சோறு இறங்காது. ஒரு பெண்ணிடம், வலியில் கத்தினபோது, எழுதக் கூசுகிற ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பல பேருக்கு அது என்னவென்று தெரியும். சொன்னது நம்ம தமிழ் நர்ஸ்தான். இன்னொருத்தி, தன் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கூடவே நின்ற ஒரு மலாய் நர்ஸை நினைத்து அழுதிருக்கிறாள். அதற்கு ஃபாரத்தில் இடம் இல்லை என்று டொரத்திக்கு வருத்தம். இனம் பார்த்து இதை யாரும் எழுதிவிடக்கூடாது என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபரில் கொடுத்த பட்டியலில் ஏழாவது பேர் விசாலம். எங்கள் பிளாட், நாலாவது மாடி. கிளினிக்கில் எப்போதோ சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிள்ளை தங்காதவர்களையும் கேட்க வேண்டும் என்பது அந்தக் கணக்கெடுப்பின் முறை.

தெரிந்தவர் வீடு வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் முறைதான். டொரத்திக்கு அது நன்றாகத் தெரியும். திருப்பிக் கொடுக்கவில்லை. பத்து நாள் அந்தப் பேரை மட்டும் விட்டுவிட்டு மற்ற வீடுகளுக்குப் போனாள். பதினோராவது நாள், மாதாவிடம் வேண்டிக்கொண்டு, டேப்லட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

விசாலம் முதலில் சிரித்தாள். "நீங்களா அக்கா ஆபீசர்? வாங்க, உட்காருங்க ஆபீசர்."

காப்பி போட்டுக் கொடுத்தாள். கேள்விகள் தொடங்கின. எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் கூட இருந்தார்கள். விசாலம் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"பிரசவத்தின்போது உங்களை யாராவது அறைந்தார்களா, கிள்ளினார்களா, அடித்தார்களா? தொடையில் தட்டியது உட்பட."

"தட்டினாங்க. அதை அதுல போடாதீங்க அக்கா. அவங்க சொன்னதை நான் கேட்டிருந்தா ஏன் தட்டப்போறாங்க?"

"ஒருமுறையா, பலமுறையா?"

"எண்ணல. ஒவ்வொரு தடவை நான் முக்கினப்பவும்."

டொரத்தி மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அடுத்த கேள்வியை வாசித்தாள்.

"செய்ய வேண்டியதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா?"

"சொன்னாங்க," என்றாள் விசாலம். "மலாய்லதான் சொன்னாங்க. ஆனா நீங்க சொல்லிக் கொடுத்த வார்த்தையைத்தான் சொன்னாங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. ஆமான்னு போடுங்க."

டொரத்தியின் விரல் ஆம் என்ற கட்டத்துக்கு மேலேயே நின்றது. கீழே போகவில்லை. டேப்லட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"விசாலம், அவங்க தெரான்னு மட்டும் சொல்லலம்மா. அதுக்கு முன்னாடி இன்னொரு வார்த்தை இருந்திருக்கும். ஜாங்கான். ஜாங்கான் தெரான். கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு. என்னமோ முன்னாடி சொல்லிச் சொல்லித்தான் கத்தினாங்க. நம்ம ஊர்ல 'ம்மா'ன்னு கூப்பிடற மாதிரி ஏதோ கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். அப்படின்னா என்ன?"

"வேண்டாம்னு அர்த்தம்மா. முக்காதேன்னு அர்த்தம். நான் உனக்குப் பாதிதான் சொல்லிக் கொடுத்தேன்."

விசாலம் உதட்டுக்குள் அந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவை சொன்னாள்.

"அப்ப நான் பிடிவாதம் பண்ணல."

"இல்லம்மா."

"எனக்குப் புத்தி பிசகல."

"இல்ல."

"சொன்னதைத்தான் கேட்டிருக்கேன்." அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் அக்கா?"

டொரத்தி பொய் சொல்லவில்லை. "மறுநாளே. சேவுகன் வந்து சொன்னப்பவே."

விசாலம் எழுந்துவிட்டாள். "பால் கட்டிக்கிட்டு நான் கெடந்தேன். இந்தக் கையால எனக்கு இலை வச்சுக் கட்டினீங்க. அத்தை போன்ல பேசினதெல்லாம் இங்க உட்கார்ந்துதானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. என் பிள்ளையை நானே கொன்னுட்டேன்னு ஒன்றரை வருஷமாப் படுத்து எந்திரிக்கிறேன்."

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. போங்க அக்கா. தயவுசெஞ்சு போங்க."

டொரத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் ஷாமினிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ஷாமினி கோபப்படவில்லை. அதுதான் டொரத்திக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த ஃபாரம் கேன்சல்தான் ஆன்டி. வேற ஆளை அனுப்பிக் கேட்கவும் முடியாது. நீங்க சொன்னதுக்கு அப்புறம் அவங்க பதில் மாறிப்போயிருக்கும்."

"மாறிச்சுன்னா இப்பத்தான்மா அது உண்மை. முன்னாடி சொன்னதுதான் தப்பு."

"எனக்குப் புரியுது ஆன்டி. ஆனா கணக்குல சேர்க்க முடியாது."

"அப்ப விசாலத்தை அடிச்சது எங்கேயும் வராதா?"

"வராது ஆன்டி. சாரி."

டொரத்தி டேப்லட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் போகச் சொல்லவில்லை. இவளாகத்தான் போதும் என்று நின்றாள். அந்தப் புதன்கிழமை ஜெபமாலைக்கு வந்தாள், நாற்காலி போட்டாள், பாதியில் எழுந்து போய்விட்டாள். அன்றைக்குத்தான் பின்னாலேயே போய் நான் கேட்டேன், அவள் எனக்குச் சொன்னாள். எதிர்வீட்டுக் கதவு மூடியே இருந்தது. சேவுகன் மட்டும் ஒரு நாள் லிஃப்டில் பார்த்து, "விசாலம் என்கிட்ட சொன்னா அக்கா. நானும்தான் விசாரிக்காம நர்ஸ் சொன்னதை நம்பிட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் டொரத்தி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. விசாலம் நின்றாள். வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்திருந்தேன். என் ஃபைலைப் பார்த்து விளக்கம் சொல்ல இன்னைக்கு டைம் கொடுத்திருக்காங்க. அவர் வரேன்னு சொன்னாரு, நான் வேண்டாம்னுட்டேன். அவர் எனக்கு நோகக்கூடாதுன்னு மாத்திச் சொல்லிடுவாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வரீங்களா? ஒரு வார்த்தை விடக்கூடாது. ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. எனக்காக இரக்கப்படக்கூடாது."

"வரேன்மா," என்றாள் டொரத்தி.

கிராப் வாடகைக் காரில் இரண்டு பேரும் போனார்கள்.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தார். பிரசவ நேரத்தில் இருந்தவர் அல்ல. விசாலத்தை உட்காரச் சொல்லி, முதலில் பிள்ளைக்காக வருத்தம் தெரிவித்தார். மலாயில்தான் பேசினார். டொரத்தி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை காட்டி நிறுத்தி, தமிழில் சொன்னாள்.

விசாலம் கேட்ட முதல் கேள்வி: "நான் முக்கினதாலதான் என் பிள்ளை போச்சா?"

டாக்டர் தாள்களைப் புரட்டினார். பிறகு சொன்னார், டொரத்தி சொன்னாள்.

"தொப்புள்கொடியில ஒரு முடிச்சு இருந்திருக்கு. வயித்துல பிள்ளை சின்னதா இருக்கும்போது நீந்தி நீந்தி விழுற முடிச்சு. அது பல மாசத்துக்கு முன்னாடியே விழுந்திருக்கலாம். பிள்ளை கீழ இறங்கும்போது இறுகிடுச்சு. முழுசா வழி திறக்கறதுக்குள்ள முக்கினா தாய்க்குக் களைப்பு வரும், வீக்கம் வரும். முடிச்சு அதால வராது. நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நீங்க முக்கினதால போச்சுன்னு இதுல எங்கேயும் எழுதல. நானும் அப்படி நினைக்கல."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றாள் விசாலம்.

டாக்டர் இன்னொரு தடவை சொன்னார். டொரத்தியும் இன்னொரு தடவை சொன்னாள், அதே வார்த்தைகளில். விசாலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. டொரத்தியின் கை தன்னால் நீண்டது. இரக்கப்படக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்து, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பிறகு விசாலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்படின்னா என்னை ஏன் அடிச்சாங்கன்னு கேளுங்க."

அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. தட்டினாங்க என்று சொல்லவில்லை. டொரத்தியும் மலாயில் அடித்தார்கள் என்றே சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பத் தாளைப் பார்த்தார். அதில் எல்லாம் இருந்தது. எத்தனை மணிக்கு எவ்வளவு ரத்த அழுத்தம், எவ்வளவு காய்ச்சல், பிள்ளை இரண்டு கிலோ எண்ணூறு. ஒரு பக்கத்தில் வந்ததும் அவர் விரல் நின்றது.

"அடிச்சதா இதுல எழுதல," என்றார்.

"வேற என்ன எழுதியிருக்கு?"

டாக்டர் தயங்கினார். பிறகு வாசித்தார். ஒரே வரிதான்.  டொரத்தி அப்படியே சொன்னாள்.

"தாய் ஒத்துழைக்கவில்லை."

 வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மலாய் தெரியாதுன்னு அதுக்குப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க அக்கா."

டொரத்தி சொன்னாள். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். எழுதி முடிந்த பதிவை யாரும் மாற்ற முடியாது. வேண்டுமானால் நோயாளி தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம், அதை ஃபைலில் சேர்க்கலாம். புகார் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்புவதாகவும் சொன்னார். அந்த நர்ஸ் மாற்றலாகிப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பதில் வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

"நான் மலாய்ல எழுதித் தரவா?" என்று டொரத்தி கேட்டாள்.

"வேண்டாம். நானே எழுதறேன். தமிழ்ல எழுதலாமான்னு கேளுங்க."

டாக்டர் வெள்ளைத்தாள் ஒன்றையும் தன் பேனாவையும் விசாலத்தின் பக்கம் நகர்த்தினார்.

விசாலம் குனிந்து எழுதினாள். நாலைந்து வரி இருக்கும். டொரத்தி எட்டிப் பார்க்கவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே 'தாய்' என்று எழுதினாள். டாக்டர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அந்த மாடியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ. ஆனாலும் அந்தத் தாளில் ஓட்டை போட்டு, அந்த ஒற்றை வரி இருந்த பக்கத்துக்கு நேர் பின்னால் கோத்து வைத்தார். தேதியும் போட்டார்.

விசாலம் எழுந்து கை கூப்பினாள். வெளியே வந்து லிஃப்டுக்குப் போகாமல் படியில் இறங்கினாள். டொரத்தியால் படியில் வேகமாக இறங்க முடியாது. விசாலம் அவளுக்காக நிற்கவில்லை. ஆனால் கீழே வாசலில் கார் வந்த பிறகும் ஏறாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டொரத்தி வந்து சேரும்வரை வெயிலில் நின்றிருந்தாள்.